லொறிக் கூரையில் ஒட்டிய காகிதம்

சாவகச்சேரி,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

கர்த்தரின் கிருபையால் நான் சுகம். மட்டக்களப்பில் நீங்களும் அம்மாவும் எப்படி? உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

குருநகர் யாகப்பு அண்ணை கொழும்புக்கு மீன் லொறி ஓட்டுகிறவர். பகலில் லொறியை நிறுத்திவிட்டு உள்ளேயே தூங்குவார். அப்போது பற்றரியில் ஓடும் கூரைக் குளிரூட்டி ஒரு மாதமாகச் சூடேறி, அரை மணியில் நின்றுவிடுகிறது. தூக்கமில்லாமல் போன கிழமை ஓட்டும்போதே கண் அயர்ந்து, மதகில் மோதப் பார்த்தாராம். அவருடைய மனைவி லூர்த்தம்மா அக்கா எங்கள் கராஜுக்கே வந்துவிட்டார்.

"இதைத் திருத்தாமல் இவரை றோட்டில விடமாட்டன்."

மூன்று இடங்களில் காஸ் நிரப்பியும் பயனில்லை. எங்கள் முதலாளி துரைராஜா ஐயாவும், "புதுசுதான் போடவேணும்" என்றார். கராஜ் நிழலில் அது நன்றாகவே ஓடியது. அதனால் லொறியை நடுவெயிலில் நிறுத்தச் சொல்லி, கூரையில் ஏறினேன். தொப்பி போட்டிருந்தேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

விசிறி சுழன்றது. ஆனால் காற்றை உள்ளே இழுக்கவேண்டிய வலையில் ஒரு காகிதத்தை வைத்ததும் அது பறந்துபோனது. ஒரு மாதத்துக்கு முன் விசிறியைத் திருத்தியவர் இரண்டு வயர்களை மாற்றிப் பூட்டியதால், அது எதிர்ப்பக்கமாகச் சுழன்று, வெயிலில் சூடு வெளியேறாமல் இருந்திருக்கிறது. சரியாகப் பூட்டினேன். காகிதம் வலையில் ஒட்டிக்கொண்டது.

அதே வெயிலில் இரண்டு மணி நேரம் குளிரூட்டி நிற்கவேயில்லை. சோதித்துப் பார்க்க உள்ளே படுத்த யாகப்பு அண்ணை குறட்டை விட்டார். ஐயா கதவைத் தட்டப் போக, லூர்த்தம்மா அக்கா மறித்தார்.

"எழுப்பாதேங்கோ. மனுசன் ஒரு மாசத்துக்குப் பிறகு நித்திரை கொள்ளுது."

இனிக் குளிரூட்டி வேலையெல்லாம் என் பொறுப்பு என்று ஐயா எல்லோர் முன்னிலும் சொல்லிவிட்டார், அப்பா.

உங்கள் பழைய ரேடியோவைப் பஸ்ஸில் அனுப்புவீர்களா? பின்னேரங்களில் அறையில் யாராவது பேசிக்கொண்டிருந்தால் நல்லது. கடிதம் கொண்டுபோகிறவர் அவசரப்படுத்துகிறார்.

உங்கள் மகள்,
ஜொய்சி