ஆறு வரிகள்

நண்பா,

கோபத்தில் வரிசை தப்பிவிடும் என்பதால் முதலிலேயே எண்ணிட்டுவிடுகிறேன்.

1. உன் பாராட்டு விழாவுக்கு நான் வர மாட்டேன்.
2. நம் மருந்துச் சோதனையில் ஆறு நோயாளிகளின் முடிவுகளை நீ கோடு போட்டு அடித்துவிட்டாய்.
3. அதை ஆய்விதழுக்கு எழுதப் போகிறேன்.

முதலாவதற்கு விளக்கம் வேண்டாம். மேடையில் உன் பக்கத்தில் உட்கார்ந்து பல்லைக் காட்ட என்னால் முடியாது.

நம் மாத்திரையால் அடங்கியிருந்த எச்.ஐ.வி. கிருமி அந்த ஆறு பேருக்கும் ஐந்தே மாதத்தில் மருந்துக்கு மசியாமல் திரும்பி வந்தது. அவர்களில் ஒருவர் தையல்காரர். உன் முதல் மாநாட்டுக்குக் கோட்டு தைத்தவர். முகமாவது நினைவிருக்கிறதா உனக்கு?

"மாத்திரை கேக்கலைன்னா நேரா சொல்லிடுங்க சார், நான் கோவிச்சுக்க மாட்டேன்" என்பார். நான் சொல்ல வாயெடுத்தபோது நீ அதட்டினாய்: "ஆறு பேருக்காக அறுநூறு பேரோட மருந்தைக் கெடுக்காதேடா, பயந்தாங்கொள்ளி!" அவர் அதே மாத்திரையை விழுங்கிக்கொண்டே செத்துப்போனார்.

இவ்வளவும் எழுதிய பிறகு, இதழுக்கு ஆதாரம் வேண்டுமென்று பழைய ஆய்வகக் குறிப்பேட்டை எடுத்தேன். யார் திருத்தியது என்று தெரிவதற்காக நான்தானே விதி வைத்தேன்? உனக்குப் பச்சை மை, எனக்கு நீலம்.

அந்த ஆறு பேரின் வரிகளும் நீல மையால், ஸ்கேல் வைத்து நேராக அடிக்கப்பட்டிருக்கின்றன. நீ ஒருநாளும் ஸ்கேலைத் தொட்டவன் இல்லை.

ஆகவே என் இரண்டாவது குறிப்பு தவறு. அடிக்கச் சொன்னவன் நீ, அடித்தவன் நான். இதழுக்கும் அப்படியே எழுதுகிறேன்.

முதலாவதில் மாற்றமில்லை.

இப்படிக்கு,
உன் பயந்தாங்கொள்ளி