விசாரணைக்கு முன் பிஸ்கட் சுடலாமா?

நவம்பர் 29, சனி

காலை முழுவதும் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கழிந்தது. இரண்டு சகோதரர்கள், நடுவில் ஒரு கிணறு. கிணற்றை இருவருக்கும் பொதுவாக வைத்து, அதற்குப் போகும் பாதையை மட்டும் வரையறுத்தேன். இருவருக்கும் திருப்தியில்லை, ஆகவே வரைவு சரியாக இருக்கிறது என்று கொள்கிறேன்.

மாலையில் மூத்தவள் என் மேசையருகே வந்து நின்றாள். நான் நிமிரும்வரை பேசவில்லை. மார்ச்சில் இங்கு வந்ததிலிருந்து அவள் அப்படித்தான். ஜன்னலைத் திறப்பதற்கும் அனுமதி கேட்கிறாள்.

"பெரியப்பா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளும்மா."

"கிறிஸ்துமஸ் பிஸ்கட் சுடலாமா? நட்சத்திரம், மணி, மரம் மாதிரியெல்லாம் வெட்டி... டிசம்பர் பொறந்ததும் அம்மா செய்வாங்க. முடியாதுன்னா பரவால்ல."

பதினெட்டாம் தேதி ஆகட்டும், அதற்குப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்றேன். "சரி பெரியப்பா" என்று போய்விட்டாள்.

காரணத்தைப் பதிவு செய்து வைக்கிறேன். என் மனைவியின் தங்கையும் அவள் கணவரும் சாலை விபத்தில் இறந்த பிறகு பிள்ளைகள் இருவரும் எங்களிடம் இருக்கிறார்கள். மூத்தவளுக்குப் பதினொன்று, சின்னவனுக்கு ஐந்து. அவர்களுடைய அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, தம் வீட்டில் வளர்க்க விரும்பி மனு செய்திருக்கிறார். அவர் நல்லவர், அதுதான் சிக்கல். பதினெட்டாம் தேதி நீதிபதி மூத்தவளைத் தனியே அழைத்து, யாரோடு இருக்க விருப்பம் என்று கேட்பார். அந்தப் பதிலுக்கு நிறைய எடை உண்டு. அதற்கு முந்தைய வாரங்களில் இனிப்பும் கொண்டாட்டமுமாக நான் வீட்டை நடத்தினால், அது அவள் பதிலை விலைகொடுத்து வாங்குவதாகும். யாரும் அப்படிச் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

நவம்பர் 30, ஞாயிறு

மனைவியிடம் சொன்னேன். மருந்தகத்துக்கு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் செருப்பை மாட்டுவதைப் பாதியில் நிறுத்தினாள்.

"பிஸ்கட்டுக்கு வாய்தாவா?"

"வாய்தா இல்லை. ஒரு முன்னெச்சரிக்கை."

"வெளிய யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. சிரிப்பாங்க." அவள் சிரிக்கவில்லை.

டிசம்பர் 3, புதன்

அத்தையிடமிருந்து மூத்தவளுக்கு ஒரு சிவப்புச் சைக்கிளும் சின்னவனுக்கு ஒரு கிரேன் வண்டியும் வந்தன. ஆட்சேபிக்கவில்லை.

சைக்கிளின் மணி நன்றாக ஒலிக்கிறது. சின்னவன் ஓயாமல் அடித்துப் பார்த்தான்.

டிசம்பர் 6, சனி

எங்கள் வழக்கை நடத்தும் வக்கீலம்மாவைப் பார்த்தேன். ஒரு காலத்தில் என் அலுவலகத்தில் பயிற்சி பெற்றவர்; நீதிமன்றத்தில் என்னைவிடப் பல மடங்கு திறமையானவர். நான் பத்திரம் எழுதுகிறவன், வாதாடுகிறவன் அல்ல. பிஸ்கட் விஷயத்தைக் கேட்டேன்.

பேனாவை மூடி வைத்தார். "சார், இதுக்கு முன்தீர்ப்பு ஏதாவது இருக்கான்னு தேடச் சொல்றீங்களா?"

"விளையாட்டில்லை."

"தெரியும் சார். நீங்க விளையாட மாட்டீங்க." பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார். "அவங்க சைக்கிளே அனுப்பிட்டாங்க. நீங்க பத்து பிஸ்கட் சுட்டா குடி முழுகாது. ஆனா உங்களுக்கு உறுத்துச்சுன்னா, தள்ளிப் போடுங்க."

எனக்கு உறுத்துகிறது. முடிவில் மாற்றமில்லை.

டிசம்பர் 10, புதன்

சின்னவனைக் குளிப்பாட்டுவது புதன்கிழமைகளில் என் பொறுப்பு. மனைவிக்கு அன்று மாலை வேலை. கண்ணில் சோப்பு பட்டதற்காக ஒரு பாட்டம் அழுது முடித்துவிட்டு, துண்டுக்குள்ளிருந்து கேட்டான்:

"நாங்க எப்ப கெளம்பறோம் பெரியப்பா?"

"எங்க?"

"அத்தை வீட்டுக்கு."

"யாருடா சொன்னது?"

"அக்காதான். இங்க இந்தத் தடவ நமக்கு கிறிஸ்துமஸ் கிடையாதாம். அதான் பெரியப்பா பிஸ்கட் வேணாம்னுட்டாராம். அத்தை வீட்டுல போய்ச் சுட்டுக்கலாமாம். என் கிரேன் பையில கொள்ளல."

அவன் தலையைத் துவட்டி, சட்டை போட்டு, அவர்கள் அறைக்குப் போனேன். அவள் டியூஷனுக்குப் போயிருந்தாள். கட்டிலுக்கு அடியில் இரண்டு பைகள். அவளுடையதில் துணிகள் மடிப்புக் கலையாமல் அடுக்கியிருந்தன. தம்பியுடையதில் மேலாக அவன் தூங்கும்போது பிடித்துக்கொள்ளும் பழைய துண்டு. சுலபமாக எடுக்க வேண்டும் என்று மேலே வைத்திருக்கிறாள்.

என்ன பண்ணி வச்சிருக்கேன் நான்? பதினெட்டுக்கு அப்புறம்னு சொன்னேன் — அப்புறம்னா என்னன்னு அந்தப் புள்ளைக்கு எப்படித் தெரியும்? அவ பதிலைத் தொடக்கூடாதுன்னு ஒதுங்கி ஒதுங்கி நின்னு — போன்னு சொல்லிட்டேன். வாயத் தொறக்காமலே போன்னு சொல்லியிருக்கேன். அவளும் சரி பெரியப்பான்னுட்டு பெட்டி கட்டியிருக்கா. ஒரு சத்தம் இல்ல, ஒரு கேள்வி இல்ல.

(பிற்பாடு.) அவள் திரும்பியதும், வரும் ஞாயிறு பிஸ்கட் சுடுவோம் என்றேன். "சரி பெரியப்பா" என்றாள். அதே குரல். முன்பு சொன்னதற்கும் இதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை.

டிசம்பர் 11, வியாழன்

வக்கீலம்மாவுக்குத் தொலைபேசியில் தகவல் சொன்னேன். "குறிச்சுக்கிட்டேன் சார்" என்றார். பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது.

டிசம்பர் 14, ஞாயிறு

மனைவி சமையலறைக்கு வர மறுத்தாள். "அது என் தங்கச்சி வேலை. அவ நின்ன எடத்துல நான் வந்து நின்னா அழுதுடுவேன். பசங்க முன்னால வேணாம். நீங்க பாத்துக்கோங்க." கூடத்தில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் பார்த்தவரை பக்கம் புரட்டவில்லை.

பிஸ்கட் வெட்டும் அச்சுகள் இல்லை. தங்கை வீட்டுச் சாமான்களோடு அவை அத்தையிடம் போய்விட்டன. எதிர்த் தரப்பிடம் நேரடியாக எதுவும் கேட்கக் கூடாது என்று கேட்கவில்லை. கோப்பு அட்டைகளில் அளவெடுத்து வரைந்து வெட்டினேன்: ஐந்துமுனை நட்சத்திரம், மணி, மரம். அட்டைகளைப் பட்டர் பேப்பரில் சுற்றினேன். மைதா, வெண்ணெய், சர்க்கரை, முட்டை, பட்டைத்தூள். எல்லாம் தராசில் நிறுத்தவை. மாவைத் தேய்த்து, அட்டையை மேலே வைத்து, விளிம்பை ஒட்டிக் கத்தியால் வெட்டினேன். முனைகள் கூர்மையாக வந்ததில் எனக்குச் சிறிது பெருமை இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஓவனுக்கு முன்னால் சின்னவன் முட்டிபோட்டு உட்கார்ந்து கண்ணாடி வழியே பார்த்து நேரடி ஒலிபரப்பு செய்தான்.

"பெரியப்பா, நட்சத்திரம் குண்டாவுது."

சற்று நேரத்தில்: "மணியும் மரமும் ஒட்டிக்கிச்சு."

வெளியே எடுத்தபோது ஒன்றுக்கும் வடிவம் இல்லை. நட்சத்திரத்தின் முனைகள் கரைந்து, உருண்டை உடம்பும் ஐந்து குட்டைக் கால்களுமாகப் படுத்திருந்தது. சின்னவன் நன்றாக உற்றுப் பார்த்துவிட்டு, "இது ஆமை" என்று தீர்ப்பு சொன்னான். "தலை, நாலு கால். சரியா இருக்கு."

மூத்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்தேன். சிரிப்பு.

"பெரியப்பா, நீங்க ஒண்ணு வெட்டி முடிக்கறதுக்குள்ள வெண்ணெய் எளகிடுது. அம்மா படபடன்னு வெட்டுவாங்க. கொஞ்சம் கோணலாத்தான் இருக்கும்."

மீதி மாவைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தோம். காத்திருக்கும்போது, மேசையில் சிந்திய மாவில் விரலால் கோடு போட்டபடி கேட்டாள்:

"மொதல்ல ஏன் வேணாம்னீங்க?"

சொல்லிவிடுவதே முறை என்று தோன்றியது. நீதிபதி அவளிடம் கேட்கப் போகும் கேள்வி அவளுக்குத் தெரியும். அந்தப் பதில் முழுக்க அவளுடையதாக இருக்க வேண்டும், நான் இனிப்புக் கொடுத்து அதை என் பக்கம் சாய்க்கக் கூடாது, அதனால்தான் தள்ளிப் போட்டேன் என்றேன். உங்களை அனுப்பும் எண்ணத்தால் அல்ல என்றும் சொன்னேன். அந்த வாக்கியத்தை மட்டும் இரண்டாம் முறை சொல்ல நேர்ந்தது.

அவள் யோசித்தாள்.

"ஒரு பிஸ்கட்டுக்கா பெரியப்பா?"

"பிஸ்கட் ஒரு உதாரணம்தான்."

"நான் என்ன அவ்ளோ சீப்பா? அத்தை சைக்கிளே குடுத்தாங்க. அதுக்கே நான் எதுவும் முடிவு பண்ணல."

நல்ல வாதம்.

இரண்டாம் தட்டை அவளே வெட்டினாள், அட்டையில்லாமல், படபடவென்று. மரங்கள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தன, ஆனால் மரங்கள். சின்னவன் வேண்டுமென்றே மூன்று ஆமை செய்தான். ஐசிங் அவன் காதுவரை போயிற்று.

டப்பாவில் அடுக்கும்போது அவள் கேட்டாள்: "நீதிபதிக்கு கொஞ்சம் கொண்டு போலாமா?"

"கூடவே கூடாது."

"ஏன், நல்லா இல்லியா?"

"நல்லா இருக்கறதாலதான் கூடாது."

"உங்களோட ரொம்ப கஷ்டம் பெரியப்பா" என்றாள்.

அந்த நேரத்தில் மனைவி வந்தாள். தட்டில் ஓரம் கருகிய ஒன்றை எடுத்து, நின்றபடியே முழுவதும் தின்றாள். "பட்டை போதல. அவ இன்னும் கொஞ்சம் போடுவா" என்றாள். பிறகு தட்டில் ஒட்டிய மாவைச் சுரண்டத் தொடங்கினாள். யாரும் அழவில்லை. அல்லது நான் பார்க்கவில்லை.

கட்டிலடிப் பைகள் பிரிக்கப்பட்டனவா என்று தெரியவில்லை. மறுபடி குனிந்து பார்க்க எனக்கு உரிமையில்லை.

டிசம்பர் 17, புதன்

நாளை. எழுத ஒன்றுமில்லை.

டிசம்பர் 18, வியாழன்

நீதிமன்றத் தாழ்வாரத்தில் ஒரே பெஞ்சு. அதன் ஒரு கோடியில் அத்தை, மறுகோடியில் நாங்கள். மூத்தவளை உள்ளே அழைத்துப் போன பிறகு, சின்னவன் கால்சட்டைப் பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய எதையோ எடுத்துக்கொண்டு அத்தையிடம் ஓடினான். நான் வக்கீலம்மாவைப் பார்த்தேன். அவர் கூரையில் சுழலும் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"என்னடா இது?"

"ஆமை. பெரியப்பா நட்சத்திரமாத்தான் செஞ்சாரு. ஆமையாயிடுச்சு."

அத்தை வாய்விட்டுச் சிரித்தார். ஒரு கடி கடித்தார். அதன்பின் நீண்ட நேரம் மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை. கைக்குட்டையை எடுத்தார்.

பிறகு என்னிடம் நேராகவே பேசினார். "அச்செல்லாம் என்கிட்டதான் இருக்கு. கேட்டிருந்தா குடுத்தனுப்பியிருப்பேனே."

"கேட்பது முறையா என்று..."

"பிஸ்கட் அச்சு கேக்கவும் வக்கீல் வழியாத்தான் வரணுமா? என் தம்பி பசங்க. உங்களுக்கு இருக்கற பயந்தான் எனக்கும்."

அது நியாயமான பேச்சு. அப்படியே சொன்னேன். அவர் பெஞ்சில் சற்று நகர்ந்து உட்கார, மனைவி எழுந்து போய்ப் பக்கத்தில் அமர்ந்தாள். இருவரும் இறந்தவர்களைப் பற்றிப் பேசவில்லை. சின்னவனின் சளியைப் பற்றிப் பேசினார்கள்.

மூத்தவள் வெளியே வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. உத்தரவு விடுமுறைக்குப் பிறகு என்றார்கள்.

திரும்பும் வழியில் மனைவியும் சின்னவனும் பின்னிருக்கையில் தூங்கிவிட்டார்கள். மூத்தவள் முன்னிருக்கையில் இருந்தாள்.

"நீங்க கேக்கவே மாட்டேங்கறீங்க."

"கேக்கக் கூடாது."

"நானா சொல்லலாமா?"

"தாராளமா. சொல்லணும்னு கட்டாயம் இல்ல."

சிக்னலில் வண்டி நின்றது. அவள் என்னைப் பார்த்தாள்.

"அப்ப சொல்லல" என்றாள்.

டிசம்பர் 25, வியாழன்

அத்தை குடும்பத்தோடு வந்தார். அழைத்தது என் மனைவி. வழக்கு நிலுவையில் இருக்கும்போது இது உசிதமா என்று எனக்கு ஐயம் இருந்தது, வாய் திறக்கவில்லை. அச்சுப் பெட்டி வந்தது. மரங்கள் நேராக வந்தன. சின்னவனுக்குத் திருப்தியில்லை, பெட்டியில் ஆமை இல்லை.

ஜனவரி 9, வெள்ளி

உத்தரவு வந்தது. பிள்ளைகள் எங்களோடு, பள்ளி விடுமுறைகளில் அத்தை வீட்டில். இருமுறை படித்தேன். குழந்தையின் விருப்பம் கருத்தில் கொள்ளப்பட்டது என்று மட்டும் இருக்கிறது. அவள் என்ன சொன்னாள் என்பது இல்லை. இருக்கவும் கூடாது.

அத்தைக்கு நானே தொலைபேசினேன். "மே மாசம் பூரா எனக்கு. ஒரு நாள் குறையக்கூடாது" என்றார். குறையாது என்றேன்.

மனைவி குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் வெளியே வரவில்லை.

மூத்தவளிடம் சொன்னேன். "சரி பெரியப்பா" என்றாள். அதற்கு என்ன பொருள் என்று இனி அனுமானிப்பதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன்.

ஜனவரி 17, சனி

இன்று பெரிய சண்டை.

அவளுடைய பள்ளிக் கட்டுரை சாப்பாட்டு மேசையில் கிடந்தது. நான் அதில் சில திருத்தங்கள் செய்தேன். சிவப்பு மையில், ஓரத்தில் காரணங்களோடு. உதவியாக இருக்கும் என்றே செய்தேன். பள்ளியில் கொடுப்பதற்கான இறுதிப் பிரதி அது என்பது எனக்குத் தெரியாது.

"யாரு இதத் தொடச் சொன்னது?"

"பிழைகள் இருந்தன."

"இருக்கட்டும்! என் பிழை! மூணு பக்கம், மறுபடி யாரு எழுதறது, நீங்களா? கேக்காம எப்படித் தொடுவீங்க? எல்லாத்துக்கும் கேக்கணும் கேக்கணும்பீங்களே!"

நான் விளக்கத் தொடங்கினேன்.

"விளக்க வேணாம்! உங்க ஆபீஸ்ல போய் விளக்குங்க!"

ஜன்னலைத் திறக்கவும் அனுமதி கேட்டவள் கதவை அறைந்த வேகத்தில் கூடத்துக் கடிகாரம் ஆடியது. மேல் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். சின்னவன் கதவருகே போய்ச் சோதித்துவிட்டு வந்து, "பூட்டிட்டா பெரியப்பா. செமக் கோவம்" என்று அறிக்கை தந்தான். சமையலறையில் மனைவி சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டது கேட்டது. "நல்லா வேணும் உங்களுக்கு" என்றாள்.

கேள்வி நியாயமானது. தவறு முழுவதும் என்னுடையது. மன்னிப்புக் கேட்க வேண்டும். இப்போது போய்த் தட்டினால் திறக்க மாட்டாள். நாளை கேட்கலாம், அல்லது அவள் கோபம் தணிந்த பிறகு, திங்களோ செவ்வாயோ. அவசரமில்லை.