நான் எடுக்காத தலைப்பு

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை

எங்கள் கல்லூரி ஆனர்ஸ் பிரிவு இயக்குநரின் முகத்தை நினைத்தாலே இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆனர்ஸ் என்கிற அந்தச் சிறப்புப் படிப்பில் சேர்ந்த அன்று அவர்தான் சொன்னார், எந்தத் துறையையும் எதோடும் சேர்த்துப் படிக்கலாம், ஆய்வுத் தலைப்பு உங்கள் விருப்பம் என்று. நம்பினேன். வாய்க்கால் முடிகிற கடைமடைக்கு ஏன் தண்ணீர் வந்து சேருவதில்லை என்று எடுத்தேன். ஆய்வில் வாய்க்காலின் அளவு ஒரு பாதி. மதகைத் திறக்க யார் பேச்சு எடுபடுகிறது என்பது மறுபாதி. எங்கள் வயலும் கடைமடையில்தான் இருக்கிறது.

போன வாரம் அவரே அதைத் தாராசுரம் சிற்பங்கள் என்று மாற்றிவிட்டார். "வர்ற விருந்தாளிங்களுக்கு இதாம்மா புடிக்கும். தண்ணி, மதகுன்னா வம்பு" என்றார்.

இன்று வெளிநாட்டு விருந்தாளிகள் வந்தார்கள். இயக்குநர் என்னை மேடையில் நிறுத்தி, இவளே தேர்ந்தெடுத்த தலைப்பு, இங்கே முடிவெடுப்பது மாணவர்கள்தான் என்று ஆங்கிலத்தில் பெருமையடித்தார். என் வகுப்பு நிவேதா முதல் ஆளாகக் கைதட்டினாள். அவள் தலைப்பையும் மாற்றியவர் இவர்தான்.

மைக் என் கைக்கு வந்தது. இது நான் எடுத்த தலைப்பு இல்லை, சார் மாற்றிக் கொடுத்தது என்று அதே ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரு வெள்ளைக்காரம்மா மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.

பிறகு இயக்குநர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "என்ன திமிரு உனக்கு? நாளையிலேர்ந்து சாதாரண வகுப்புல போயி உக்காரு. மன்னிப்பு கேட்டா யோசிக்கிறேன்."

"நான் பொய் சொல்லலையே சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கேட்கமாட்டேன். அந்த ஆளிடம் செத்தாலும் கேட்கமாட்டேன். ஆனால் அப்பாவிடம் எப்படிச் சொல்வதென்றுதான் தெரியவில்லை. மகள் ஆனர்ஸ் படிக்கிறாள் என்று ஊர் பூராவும் சொல்லி வைத்திருக்கிறார்.