ஓடைக்கரை வயலை மறுபடி அளந்தேன்

என் அண்ணாவுக்கு,

வாய் நிறைய உன்னைக் கூப்பிட்டு மூன்று மாதமாகிறது. கூப்பிட்ட கையோடு ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். உன் கருமாதி முடிந்த மறுமாதமே உன் வயலை அளந்தேன்.

மூன்று வருடம் முன்பு அப்பாவின் ஓடைக்கரை வயலில் நீ எனக்குப் பாதி கொடுத்த நாளிலிருந்தே மனதில் ஒரு முள். பெண்பிள்ளைக்கு எதற்கு நிலம் என்று நம் ஊர்களெல்லாம் சேர்ந்த அரியூர் நாடே கேட்டது. "எம்பட தங்கச்சிக்கு நான் குடுக்கறேன், உங்களுக்கு என்னங்க?" என்றாய். ஊர் மெச்சியது. நான் மட்டும், இவ்வளவு தாராளமாகக் கொடுக்கிறவன் எதில் கை வைத்திருப்பான் என்று யோசித்தேன்.

நம் வழக்கப்படிதான் அளந்தாய். மேட்டு வரப்பு நேராக ஓடும். ஓடைப்பக்கம் நெளிந்து நெளிந்து போகும். வரப்பில் பத்து எட்டு வைத்து நடந்து ஒவ்வொருமுறையும் நின்று, ஓடை விளிம்புவரை எத்தனை மூங்கில்கோல் என்று எண்ணினாய். கூட்டிப் பார்த்து, இரண்டு பக்கமும் சமமாக வந்த இடத்தில் முளை அடித்தாய். "மேல்பாதி உனக்கு, கீழ்பாதி எனக்கு. செரியா கண்ணு?" என்றாய். எது வேண்டும் என்று என்னை ஏன் கேட்கவில்லை?

நான் பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறவள். கரும்பலகையில் வரைகிற வளைகோட்டுக்கு ஒரு சூத்திரம் உண்டு. தொகையிட்டால் பரப்பு சுத்தமாக வந்துவிடும். புத்தகத்தின் கடைசியில் விடையும் இருக்கும். ஓடைக்கு யார் சூத்திரம் எழுதி வைத்தார்கள்? துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் சரிவகமாக நினைத்துக் கூட்ட வேண்டியதுதான். துண்டு அகலமானால், வயல் வெளியே பிதுங்குகிற இடத்தில் பரப்பு குறைவாக வரும். ஓடை உள்ளே வாங்குகிற இடத்தில் கூடுதலாக வரும். இரண்டு பாதியிலும் இரண்டு வளைவும் கலந்திருந்ததால் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியவில்லை. பத்து எட்டு ரொம்ப அகலம், பிழை இருந்தே தீரும், அது உனக்குத்தான் லாபம் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

பள்ளிக்கூடத்து விளையாட்டு டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். மறுமுனையை அண்ணிதான் பிடித்தார்.

"எதுக்கு அம்மிணி இது?"

"பசங்களுக்குக் கணக்குக் காட்டறதுக்குங்க அண்ணி."

பொய்தான். மீட்டருக்கு ஒரு கோடாக அளந்து கூட்டினேன். என் பாதி பெரிதாக வந்தது. டேப்பைச் சந்தேகப்பட்டு, அரை மீட்டருக்கு ஒன்றாக மறுபடி அளந்தேன். எண் கொஞ்சம் நகர்ந்து, ஏறக்குறைய அங்கேயே நின்றது. விளிம்பை நேர்கோடாக எடுக்காமல் சின்னச் சின்ன வளைவாக எடுக்கும் விதியிலும் போட்டுப் பார்த்தேன். கிட்டத்தட்ட மூன்று சென்ட் எனக்குக் கூடுதல்.

அப்போதும் என் புத்தி மாறவில்லை. ஏமாற்றப் பார்த்து ஏமாந்துபோயிருக்கிறான் என்றுதான் நினைத்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

டேப்பைச் சுருட்டும்போது அண்ணி கேட்டார். "அளந்தாச்சா அம்மிணி? இப்ப நிம்மதியா?"

பாதி சுருட்டிய டேப்பை வரப்பில் வைத்தேன்.

"வருசா வருசம் நாத்து நட்டவருக்குத் தெரியாதா? கோலு சமம்னு சொன்னாலும், மேல்பாதிக்கு ரெண்டு கட்டு கூடவே புடிக்கும். 'அவ கணக்கு டீச்சரு, என்னிக்காவது அளப்பா. கொறஞ்சிருந்தா நம்மூட்டுப் பக்கமே வரமாட்டா'ன்னு சொல்லித்தான் மேல்பாதிய உனக்குக் குடுத்தாரு."

என்னைத் தேற்ற அண்ணி கட்டிய கதையோ என்று அதையும் சந்தேகப்பட்டேன். போன வாரம் நடவு. வரப்பில் நின்று நானே கட்டுகளை எண்ணினேன். மேல்பாதிக்கு இரண்டு கட்டு கூடவே போயிற்று.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன், அண்ணா. மூன்று வருடம் உன் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டே உன்னை நம்பாமல் இருந்திருக்கிறேன். என் முகத்தில் அது தெரிந்ததா? தெரிந்தும் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை?

அறுப்பு முடிந்ததும் முளையைப் பிடுங்கி இடம் மாற்றி அடிக்கப் போகிறேன். அண்ணி வேண்டாம் என்பார். சண்டை போட்டாவது அடிப்பேன். எத்தனை நெருக்கி அளந்தாலும் சுத்தமான சமம் வராது, துளி பிழை மிஞ்சத்தான் செய்யும். அந்தப் பிழை இனி அண்ணியின் பக்கமே சேரும். இது சத்தியம்.

உன்னை நம்பத் தெரியாமல் போன,
உன் கூடப்பிறந்தவள்