டைஃபாய்டு என்று சொல்லி வைத்தார்கள்

14.3.2011, திங்கள்

மெடிக்கல் லீவு முடிந்து இன்று ஆபீசில் சேர்ந்தேன். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அம்மா கூடவே வந்தாள். "யாரு கேட்டாலும் டைஃபாய்டுன்னு சொல்லு. சென்னையில பெரியம்மா வூட்டுல படுத்துக் கெடந்தேன்னு சொல்லு. புரியுதா?" இருபத்தொன்பது வயசுக் கழுதைக்குப் பொய் சொல்லிக்கொடுக்க ஒரு அம்மா.

கடலூர்க் கருவூலத்தில் எல்லாரும் அதே கேள்வி. "எழிலரசி, பாதியா போயிட்டியே, எப்படி?" போன மாதம் வரை நான் உட்கார்ந்தால் நாற்காலியைப் பார்த்துச் சிரித்தவர்கள்.

மதியம் குழைந்த ரசம் சாதம். மூன்றாவது வாயில் நெஞ்சுக்கு நடுவே கல் மாதிரி அடைத்தது. வாயில் எச்சில் ஊறியது. அது ஊறினால் அவ்வளவுதான், ஓடத்தான் வேண்டும். முதலில் நுரை, அப்புறம் சாதம்.

மெதுவாகச் சாப்பிடு, மென்று சாப்பிடு, நடுவில் தண்ணீர் குடிக்காதே என்றார் சென்னை டாக்டர். எல்லாம்தான் செய்கிறேன். இன்னும் என்னதான் செய்யச் சொல்றீங்க?

17.3.2011

ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் இரண்டு தடவை பஸ் ஜன்னலுக்கு வெளியே தலை. பின்சீட்டுக்காரன் திட்டினான். வாயைத் துடைத்துக்கொண்டு நானும் திட்டினேன். இன்று நன்றாக இருந்தது அது ஒன்றுதான்.

20.3.2011, ஞாயிறு

வஞ்சிர மீன் குழம்பு. வாசனைக்கே குமட்டியது. மாடிக்குப் போய் உட்கார்ந்தேன். அம்மா தட்டோடு ஏறி வந்தாள். "ஒரே ஒரு வாய்டி. ஒனக்காகத்தான் முள்ளெடுத்து வெச்சேன்." வாங்கினேன். அவள் புடவை மேலேயே எடுத்தேன்.

கீழே இருந்து அண்ணன் கத்தினான். "ஒழுங்கா தின்னாம டிராமா பண்றா. ஊர்ல எத்தனையோ பேரு பண்ணிக்கிறாங்க, எல்லாரும் இப்டியா வாந்தி எடுத்துக்கிட்டு திரியறாங்க?"

என் அண்ணன் கதிர்வேல் சார் கணக்கு வாத்தியார். அவருக்கு எல்லாம் தெரியும். நெய்வேலி மாப்பிள்ளை செந்தமிழ்ச்செல்வன் வீட்டில் "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு, ஒடம்பு கொஞ்சம் கொறைஞ்சா பேசலாம்" என்று சொன்ன வாரமே சென்னை ஆஸ்பத்திரியின் நோட்டீசைக் கொண்டுவந்து நீட்டியவர். வயிற்றைச் சின்னதாக வெட்டி, குடலை அதில் கொண்டுவந்து இணைத்துவிடுவார்களாம். வெளியே மூச்சு விடக்கூடாதாம், தெரிந்தால் கத்தி வைத்த பொண்ணு என்று சொல்வார்களாம்.

நானும்தான் சரி என்றேன். மாடிப்படி ஏறினால் முட்டி வலித்தது. யாராவது ஒருத்தர் என்னைப் பார்த்ததும் சிரிக்காமல் இருந்தால் போதும் என்று இருந்தது. அதற்கு இதுவா விலை?

29.3.2011

கணக்கு வருடக் கடைசி, பில் மலையாகக் குவிந்து கிடக்கிறது. பாத்ரூமிலிருந்து வந்தால் பக்கத்து சீட்டு இசைவாணி என் முகத்தையும் வயிற்றையும் மாறி மாறிப் பார்க்கிறாள். "டைஃபாய்டுக்கு இத்தனை நாளா வாந்தி வரும்?" என்றாள். குரலில் தேன்.

சாயங்காலம் தண்ணீர் பிடிக்கப் போனபோது ஆபீஸ் குழாயடியில் மூன்று பேர். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. நிற்பதற்கு முன் காதில் விழுந்தது: "எத்தனை மாசமாம்?"

போங்கடி. நல்லா இருங்க.

2.4.2011

சௌந்தரம் அத்தை வந்துவிட்டுப் போனாள். அப்பாவின் அக்கா. அப்பா செத்த பிறகு எங்கள் வீட்டு நல்லது கெட்டதெல்லாம் தன் பொறுப்பு என்று நினைப்பு. என்னை மேலும் கீழும் பார்த்தாள். அம்மாவைச் சமையல்கட்டுக்குள் கூட்டிப்போய் ரொம்ப நேரம் பேசினாள். கடலூரில் கிளம்பிய பேச்சு சிதம்பரம் வரைக்கும் வந்துவிட்டது.

அத்தை போனதும் அம்மா வந்து கதவைச் சாத்தினாள்.

"எழிலு, எங்கிட்ட மறைக்காத. ஒண்ணும் இல்லியே?"

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

அத்தை கேட்கலாம். ஆபீசில் கேட்கலாம். அவர்களுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் என் கட்டில் பக்கத்தில் தரையில் படுத்தவள் நீதானே? என் வயித்துல இருந்த குழாயப் பாத்து அழுதவ நீதானே? ஒனக்குமா தெரியாது?

கையில் இருந்த டம்ளரைச் சுவரில் அடித்தேன். "போ வெளிய"ன்னு கத்தினேன். போனாள். வெளியே நின்று அழுதாள். அழட்டும்.

7.4.2011

தண்ணீர்கூட நிற்கவில்லை. பாதம் இரண்டும் மரத்துப்போய் எறும்பு ஊர்வது போல இருக்கிறது. சென்னை டாக்டருக்கு போன் பண்ணச் சொன்னேன். "மாப்ள வீட்டுக்காரங்க அடுத்த வாரம் வர்றாங்க, இப்ப போயி சென்னை கின்னைன்னு" என்றான் அண்ணன்.

10.4.2011

எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறது. நடந்தால் தள்ளாடுகிறேன். நாளைக்கு இங்கேயே ஒரு நர்சிங் ஹோமில் குளுக்கோஸ் ஏற்றப் போகிறார்களாம். அங்கேயும் டைஃபாய்டுதானாம்.

1.5.2011, ஞாயிறு

மூன்று வாரம் கழித்துப் பேனா பிடிக்கிறேன். கோடு கோணலாகத்தான் போகிறது. பாதி எனக்கு நினைவில்லை. நினைவிருப்பதை எழுதி வைக்கிறேன்.

நர்சிங் ஹோமில் டாக்டர் கேட்டதற்கெல்லாம் அம்மாதான் பதில் சொன்னாள். டைஃபாய்டு வந்து போன பலவீனம் என்றாள். சட்டையைத் தூக்கிப் பார்த்தவர் சின்னச் சின்னத் தழும்பெல்லாம் என்ன என்றார். "பித்தப்பையில கல்லு இருந்துச்சி, எடுத்தாங்க" என்றான் அண்ணன். கூசாமல் சொன்னான். எனக்கு நாக்கைத் தூக்கவே தெம்பில்லை. கர்ப்பமா என்று டெஸ்ட் எடுத்தார்கள். இல்லை என்று வந்ததும் அம்மா சாமி கும்பிட்டாள். அதை மட்டும் நன்றாகப் பார்த்தேன்.

குளுக்கோஸ் ஏற ஏற மோசமானேன். ஃபேன் இரண்டாகத் தெரிந்தது. கண்ணை ஒரு இடத்தில் நிறுத்த முடியவில்லை. என்ன கிழமை என்று நர்ஸ் கேட்டதற்கு பென்ஷன் பில் நம்பர் ஏதோ சொன்னேனாம்.

மறுநாள் இசைவாணி ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தாள். கட்டிலில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் இல்ல? கலைச்சிட்டியா?"

எங்கிருந்து அந்தத் தெம்பு வந்ததோ. எழுந்து உட்கார்ந்து கத்தினேன்.

"வயித்துல புள்ள இல்லடி! வயித்தையே அறுத்துட்டாங்க! குண்டா இருக்கேன்னு சென்னைக்குக் கூட்டிட்டுப் போயி அறுத்துட்டாங்க!"

அண்ணன் ஓடிவந்து என் வாயைப் பொத்தினான். கையைக் கடித்தேன். ரத்தம் வந்ததாம். வரட்டும்.

பக்கத்தில் ஊசி மருந்து எடுத்துக்கொண்டிருந்த நர்ஸ் அப்படியே போட்டுவிட்டு டாக்டரிடம் ஓடினாள். அவர் வந்து அண்ணனைக் கேட்டார். அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அம்மாதான் கடைசியில் "ஆமாங்க" என்றாள். டாக்டர் போட்ட சத்தம் தெருவரைக்கும் கேட்டிருக்கும். "இத மொதல்லயே சொல்லியிருந்தா வைட்டமின் போடாம வெறும் குளுக்கோஸ் ஏத்தியிருப்பனா? கண்ணு போயிருக்கும்மா, புத்தி போயிருக்கும், உயிரே போயிருக்கும்!" வாந்தி எடுத்தே உடம்பில் பி ஒன் என்ற சத்து சுத்தமாகத் தீர்ந்துபோய்விட்டதாம்.

அதை ஊசியில் போட்டார்கள். இரண்டு ஃபேன் ஒன்றானது. ஆம்புலன்ஸில் சென்னை. குடலை இணைத்த இடம் சுருங்கி, பென்சில்கூட நுழையாத அளவுக்கு ஆகியிருந்ததாம். வாய் வழியாகக் குழாய் விட்டு, பலூன் வைத்து விரித்தார்கள். டிராமாவாம். டிராமா!

8.5.2011

அரைக் கிண்ணம் இட்லியும் பருப்புத் தண்ணியும். உள்ளே நின்றது. அண்ணன் இன்னும் கட்டைவிரல் கட்டோடுதான் திரிகிறான். என்னோடு பேச்சில்லை. எனக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

20.5.2011

நெய்வேலியிலிருந்து வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். "நீ வாயத் தொறந்ததாலதான்" என்றாள் அம்மா. "வாயத் தொறந்ததாலதான் உயிரோட இருக்கேன்" என்றேன்.

4.7.2011

மஞ்சக்குப்பத்தில் ஒரு ரூம் பார்த்து வந்துவிட்டேன். ஆபீஸுக்கு நடக்கிற தூரம். அவசரமாகத் தின்றால், பேசிக்கொண்டே தின்றால், கோபத்தில் தின்றால் இன்னும் குமட்டுகிறது. கோபத்தில் தின்னாமல் இருப்பதுதான் கஷ்டம்.

இசைவாணி தினம் எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறாள். மன்னிப்புக் கேட்கவில்லை. யாராவது என் டப்பாவை எட்டிப் பார்த்தால் முறைக்கிறாள். இருக்கட்டும். அவளோடு நான் சிரிக்கப் போவதில்லை.

5.2.2012, ஞாயிறு

சௌந்தரம் அத்தை பெண்ணுக்குக் கல்யாணம், சிதம்பரத்தில். போகாவிட்டால் பயந்துவிட்டேன் என்று ஆகும். போனேன். போன டிசம்பர் புயலில் பறந்த கூரைக்கு மண்டபத்தில் புதுத் தகரம் போட்டிருந்தார்கள். அனல். அண்ணன் தூரத்தில் நின்றான், பார்த்தான், திரும்பிக்கொண்டான்.

பந்தியில் என் பக்கத்து இடத்தில் அம்மா வந்து உட்கார்ந்தாள். நான் கூப்பிடவில்லை. பிசைந்த சாதம் கொஞ்சம், கூட்டு கொஞ்சம், மென்று மென்று சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அத்தை பரிமாறுகிறவனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"என்னா எழிலு, எங்க வூட்டு சாப்பாடு எறங்கலியா? வைப்பா, நல்லா வை."

சாதக்கரண்டி என் இலைக்கு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா எச்சில் கையை என் இலைக்கு மேலே நீட்டிவிட்டாள்.

"வெக்காதப்பா." அப்புறம் அத்தையை நிமிர்ந்து பார்த்து, வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி, "அவளுக்கு வயித்துல ஆபரேஷன் பண்ணியிருக்கு அண்ணி. நாங்கதான் பண்ண வெச்சோம். இவ்ளோதான் சாப்புடுவா."

அத்தை அடுத்த இலைக்குப் போனாள்.

நான் அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் ஏதாவது சுருக்கென்று சொல்லிவிடுவேன், இல்லை அழுதுவிடுவேன். இரண்டும் வேண்டாம். சாதத்தை மென்றேன்.

வரிசையில் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அடுத்த பந்திக்கு ஆட்கள் வந்து எங்கள் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றார்கள். யாரோ இருமினார்கள். அம்மா எப்போதோ சாப்பிட்டு முடித்துவிட்டாள். கை காய்ந்துபோயிருந்தது. இலையை மூடாமல், நான் முடிக்கிறவரைக்கும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள்.