செல்வமேரி கதைகள் ஒன்பதையும் படித்தேன்

பெசன்ட் நகர்,
ஞாயிறு, பூசை முடிந்து

அன்பு மகள் லிண்டாவுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே என் வலது முழங்கால் ஒன்றைத் தவிர எல்லாரும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் மெல்போர்ன் குளிரில் காதை மூடிக்கொண்டு நலமாயிருக்க வேண்டும். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் இல்லை. பத்து நாள் மாடிப்படி இறங்காதே என்று டாக்டர் சொன்னதில் ஒரு நல்ல காரியம் நடந்தது. உன் துப்பறியும் கதைகளை ஒன்று முதல் ஒன்பது வரை வரிசையாகப் படித்து முடித்தேன். இத்தனை வருஷமாக, பிள்ளை எழுதிய புத்தகத்தில் கைக்கறை படக்கூடாதென்று பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் ஷோகேஸில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் அடுக்கி, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினேனே தவிர ஒன்றையும் திறக்கவில்லை. வீட்டிலேயே யாரும் படிக்கவில்லை, பத்தாவது புத்தகம் எழுதப் போவதில்லை என்று போன மாதம் நீ போனில் சொன்னபோதுதான் சுருக்கென்றது. தப்பு என்னுடையதுதான், மன்னித்துக்கொள்.

முப்பது வருஷம் விடைத்தாள் திருத்திய கை சும்மா இருக்குமா, சிவப்புப் பேனாவோடுதான் உட்கார்ந்தேன். முதல் புத்தகத்தில் நாலு பிழை கண்டுபிடித்தேன். மூன்றாவதில் பேனா எங்கே போனதென்றே தெரியவில்லை. கரண்ட் மீட்டர் கணக்கெடுக்கப் போகிற செல்வமேரி, பூட்டிய வீட்டில் மீட்டர் ஓடுவதை இரண்டாம் பக்கத்திலேயே பார்த்துவிடுகிறாள், நானும்தான் பார்த்தேன், கடைசிவரை எனக்கு உறைக்கவில்லையே! எவ்வளவு கெட்டிக்காரி நீ. திருடனைக்கூட அவமானப்படுத்தாமல் காப்பி கொடுத்து உண்மையை வாங்குகிறாள், அந்த இடம் எனக்கு ரொம்பப் பிடித்தது. நான் தனியாகச் சிரிப்பதைக் கேட்டு அப்பா இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நாலாவதிலிருந்து, சமைக்க வருகிற ஸ்வர்ணலதாவுக்கும் வாசித்துக் காட்டினேன், அத்தியாயத்துக்கு ஒருத்தனைப் பிடித்து இவன்தான் என்பாள். இதோடு சரி, இனிமேல் வராது என்றதும் கரண்டியைப் போட்டுவிட்டு, இன்னா டீச்சர், பாப்பா நல்லாத்தானே எழுதிக்கினு கீது, இன்னாத்துக்கு நிறுத்துது என்று என்னைத்தான் முறைத்தாள்.

மொத்தமாகப் படித்ததில் ஒன்று கண்ணில் பட்டது. செல்வமேரிக்கு அத்தை இருக்கிறாள், சித்தப்பா இருக்கிறார், பூனைகூட இருக்கிறது. ஒன்பது புத்தகத்திலும் அம்மா மட்டும் இல்லை. இறந்துபோனதாகவும் நீ எழுதவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. ஆண்டவர் உங்கள் இருவரையும் நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். பத்தாவதை எழுது லிண்டா. அதில் ஒரு அம்மாவை வை. குற்றவாளியாக வைத்தாலும் சரி, நான் படிப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஆலிஸ் காஸ்பர்