கண்ணு எழுதாத குதிரை

ஆடி 3, வெள்ளி

பொட்டு, காலையிலருந்து ஒரே காத்து. காயப்போட்ட துணி பூரா வேலியில. தக்காளி பறிக்க ஆளு வரல, நானும் உங்கப்பாவும்தான்.

மாது அண்ணன் வந்தாரு. அவரு செஞ்ச உன் மண்குதிரை சூளைப் பக்கத்துல அப்படியே நிக்குது. உன் காய்ச்சல் எறங்குன அன்னைக்கே, முனியப்பனுக்கு வேண்டுனபடி செய்யச் சொல்லிட்டோம். அப்புறம் திரும்ப ஏறுச்சு. அவருக்குத் தெரியறதுக்குள்ள சுட்டு எடுத்துட்டாரு.

"பேரு சொல்லி செஞ்ச குதிரைம்மா. வேற யாருக்கும் குடுக்க முடியாது, நானும் வெச்சிக்கக் கூடாது. திருவிழா வருது. ஒரு முடிவு சொல்லு."

கலர் அடிக்கல. கண்ணு கோயில்லதான் எழுதணும்.

உங்கப்பா: "அந்த சாமிக்கு ஒண்ணும் தரமாட்டேன்." மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டாரு.

நாளைக்கு: ரேஷன். மருந்து அடிக்கிற டேங்க் திருப்பிக் குடுக்கணும். உங்கத்தைக்கு ஃபோன்.

ஆடி 5, ஞாயிறு

தர்மபுரி போனேன், அத்தையோட. அங்க குதிரைக்குன்னே ஒரு மியூசியமாம். மண்குதிரை குடுத்தா வாங்கி வெப்பாங்களாம். அத்தையோட ரோசனை. மாரண்டஹள்ளி பஸ்ஸுல நிக்க எடமில்ல. பக்கத்து சீட்டு அம்மா, "குதிரைங்க உசுரோட இருக்குதா?" அத்தை, "உசுரோட இருந்தா டிக்கெட்டு இன்னும் சாஸ்தி." எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு. அப்புறம் பாலக்கோடு வரைக்கும் ஜன்னலையே பாத்துட்டு வந்தேன்.

மொத ரூம்புல எலும்பு படம். ஆதி காலத்துல குதிரை ஆட்டுக்குட்டி ஒசரம்தானாம். உன்கிட்ட சொல்லணும்னு நெனச்சேன். கப்பல்ல வந்த குதிரை, சேணம், லாடம், ஜட்கா வண்டிச் சக்கரம். ஒரு கல்லுல குதிரை மேல ஒருத்தன், கையில வாளு. சண்டையில செத்தவனாம். செத்தவனுக்கு ஒரு கல்லாச்சும் இருக்குது.

கடைசி ரூம்பு மண்குதிரை. ஒவ்வொண்ணு கீழயும் சீட்டு. குனிஞ்சு படிச்சேன். நோய் தீர்ந்ததற்குச் செலுத்தியது. அடுத்ததும் அதேதான். அதுக்கடுத்ததும்.

அங்க இருந்த பொண்ணு நல்லவ. "கொண்டாங்கம்மா, வெச்சிக்கறோம். கண்ணு மட்டும் வரைஞ்சிட்டு வாங்க. யாருக்காக வேண்டினதுன்னு எழுதிக்கறேன்."

"எம் பொண்ணுக்கு."

"இப்ப நல்லா இருக்குதுங்களா?"

அத்தைதான் பதில் சொன்னா. அந்தப் பொண்ணு சேர் எடுத்துப் போட்டுச்சு. தண்ணி குடிச்சேன். "வேற மாதிரி எழுதிக்கலாங்க"ன்னுச்சு. வேற எப்படி எழுதுவ? நான் வேணாம்னுட்டேன்.

வெளிய வந்து அத்தை, "இப்ப என்னதான் செய்யப்போற, தலையில தூக்கி வெச்சிட்டுத் திரியப்போறியா?" கோவமில்ல. அவளும் அழுதுட்டுதான் இருந்தா.

ஆடி 6, திங்கள்

காத்து கொறையல. கரண்ட் இல்ல. ராகிக் களி, கீரை. உங்கப்பாகிட்ட எல்லாம் சொன்னேன். சீட்டு விசயமும். பாதி சோத்துல எழுந்துட்டாரு.

ஆடி 7, செவ்வாய்

தக்காளி வண்டி போயிடுச்சு. உங்கப்பா அதுல வரலன்னு டிரைவர் ஃபோன்ல சொன்னாரு. பயந்துட்டேன். போயி பாத்தா மாது அண்ணன் வூட்டுல. குதிரை மேல படிஞ்ச தூசிய துண்டால தொடைச்சிட்டு இருக்காரு. காலு, வயிறு, காதுக்குள்ள.

என்னைப் பாத்தாரு. "கோயில்லயே வெக்கலாம். சாமியப் பாத்து வேணாம். ரோட்டப் பாத்து நிக்கட்டும்."

நீ ஸ்கூலுக்குப் போன ரோடு.

"அப்படி வெக்கற வழக்கம் இல்லீங்களே"ன்னு மாது அண்ணன் இழுத்தாரு. அப்புறம் அவரே, "வெச்சா முனியப்பன் என்ன எறங்கி வந்து திருப்பவா போறாரு"ன்னாரு.

வெள்ளிக்கிழமை கலர் அடிக்கணுமாம். என்ன கலர்னு கேக்கறாரு. ஆஸ்பத்திரியிலருந்து ஃபோன்ல அவருகிட்ட நீ என்ன சொன்ன? "கோயிலுக்கு வந்துதான் சொல்லுவேன், இப்ப சொன்னா எல்லாருக்கும் சொல்லிடுவீங்க." எங்கிட்டயும் சொல்லல. உங்கப்பா செவப்பு இருக்கும்ங்கறாரு. எனக்கு அப்படித் தோணல.

பொட்டு, என்ன கலரு நெனச்சு வெச்சிருந்த?